மூன்று பேரின் ஓட்டு

“பன்னெண்டு எபிசோடும் சலவைக்கடைக்குள்ளேயே ஓடுது, இதெல்லாம் ஒரு அனிமேயா?”

“மூணாவதைப் பாருடா! அழலேன்னா என் பேரை மாத்திக்கறேன்!”

ரென்ஜி கத்தக் கத்த நத்சுமேயும் விடவில்லை. பள்ளி விழாவில் அவர்களின் அனிமே சங்கம் திரையிடப்போவது ஒரே தொடர். அது தான் சொன்ன சலவைக்கடைத் தொடர்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

தலைவன் ஹோசாக்கா கதவைச் சாத்திவிட்டு ஓட்டுக்கு விட்டான். வழக்கம்போல் நத்சுமே, ரென்ஜி, ஷியோரி மூவரும் ஒருவர் ஓட்டை ஒருவர் பார்க்காதபடி மேசையில் முகம் கவிழ்த்தார்கள். அறையில் வேறு யாரும் இல்லை.

“சலவைக்கடைக்கு யார் யார்?”

நத்சுமே கையை விறைப்பாக உயர்த்தினாள்.

“நாலு,” என்றான் ஹோசாக்கா.

“அப்போ ரென்ஜி, நீயும் அழுதிருக்கே!” கவிழ்ந்தபடியே சிரித்தாள் நத்சுமே.

“கையை இறக்குங்க.”

மூன்று சட்டைக்கைகள் சரசரத்தன.

“யாரும் தலையைத் தூக்காதீங்க. ஒண்ணு இன்னும் இறங்கல.”