மேசையில் கொட்டிய பை

பாரிஸில் குண்டு வெடித்த பிறகு, ரயில் நிலைய வாசலில் மேசை போட்டுப் பைகளைச் சோதித்தார்கள். காவலாளி என் மகள் நிதுஷாவின் பையைத் திறக்கச் சொன்னார். அவள் மறுத்தாள்.

"இதென்ன செக்பொயின்ரா அப்பா? விருப்பமில்லாட்டித் திறக்கத் தேவையில்லையெண்டு பலகையிலயே போட்டிருக்கு. உள்ள விடமாட்டினம், அவ்வளவுதான். வாங்கோ, பஸ்ஸில போவம்."

காவலாளிக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றான். யாழ்ப்பாணத்தில் சோதனைச்சாவடியில் மறுத்துப் பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அவளிடமிருந்து பையைப் பிடுங்கி, மேசையில் தலைகீழாகக் கொட்டினேன்.

புத்தகங்கள், மாதவிலக்குப் பஞ்சுகள், ஒரு பொடியனின் படம், சின்னப் பூட்டுப் போட்ட டயறி.

"ஒருக்கால் எட்டிப் பார்க்கத்தானே கேட்டேன், ஐயா" என்று காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிப்பாய் கைபேசியில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நிதுஷா ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். அழவில்லை. பையின் சிப்பை இழுத்துப் பூட்டிவிட்டு நிமிர்ந்தவள், வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்:

"அப்பா, கையை இறக்குங்கோ. ஒருத்தரும் உங்களைத் தூக்கச் சொல்லேல்லை."