தூங்காதவளின் ஆட்சேபணை

எங்கள் வார்டுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின், எல்லோருடைய தூக்கத்திலும் நடக்கும். தெருவே ஒரே கனவுக்குள் வந்து உட்கார்ந்து பேசும். அங்கே கை தூக்கினால்தான் கணக்கு.

ஜெசிந்தா மட்டும் வந்ததேயில்லை. தண்ணீர் ஏற்றும் மோட்டார் அவள் வீட்டுச் சுவரை ஒட்டி ஓயாமல் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கண் அயராது. தூங்காததால் அதைப் பற்றிப் புகார் சொல்லவும் வழியில்லை.

அன்று, அதே இடத்தில் இரண்டாவது மோட்டார் வைக்கத் தீர்மானம். தெரு முழுக்கத் தூங்கியது. ஜெசிந்தா கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தாள். பிறந்ததிலிருந்து மோட்டாரையே கேட்ட குழந்தை அயர்ந்து தூங்கியது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ரெஜினா கலைந்த தலையோடு ஓடி வந்தாள்.

"ஏட்டி, ஒம் பிள்ள கூட்டத்துக்கு வந்துட்டா!"

"தூங்கிட்டுல்லா கெடக்கா?"

"அதான் வந்துட்டா. மெம்பர் தீர்மானத்த வாசிக்க வாசிக்க ஒரே அழுக. மாத்தி மாத்தித் தூக்கிப் பாத்தோம். ஒவ்வொரு மொகமாப் பாத்து ஒன்னையத் தேடுதா."

"பெறவு?"

"தாய் வந்தாத்தான் கூட்டம்னு ஒத்தி வச்சாச்சு."

ஜெசிந்தா வாயெடுப்பதற்குள் மோட்டார் நின்றது. சுவரில் நடுங்கிக்கொண்டிருந்த காலண்டர் அசையாமல் தொங்கியது. வெளியே யாரோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனார்கள்.

ரெஜினா பாயை விரித்தாள்.

"சீக்கிரம் படு. எங்க வீட்டுக்காரரு இன்னும் முழிக்காம, ஒம் பிள்ளையத் தோள்ல போட்டு அங்க நடந்துகிட்டிருக்காரு."