எகோரின் பூட்ஸ்

கரகண்டாவை அடுத்த அந்தச் சுரங்கக் குடியிருப்பில், லூத்தரன் ஜெபவீட்டின் பின்கட்டு அறையில் சனிக்கிழமைதோறும் ஏழைகளுக்கு உடையும் காலணியும் வழங்குவார்கள். நீ யார், எந்த மதம், ஏன் இந்த நிலைக்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. வரிசையில் நின்றால் போதும். முறை வரும்போது ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். பொருள் கிடைத்தவர், கிடைக்காதவர் எல்லாருக்கும் முட்டைக்கோசு சூப்பும் கறுப்பு ரொட்டியும் உண்டு.

எகோர் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அவன் காலில் கிடந்தவை தோட்ட வேலைக்குப் போடும் ரப்பர்ச் செருப்புகள். அவற்றினுள் செய்தித்தாளைத் திணித்து, மேலே சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தான். வெளியே மூச்சுக்காற்று மீசையிலேயே உறைந்துபோகும் குளிர். அவனுடைய கால் சிறுவிரல்கள் இரண்டும் காலையிலிருந்து வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவனை அச்சுறுத்தியது. விரல் கறுத்துப்போய் மருத்துவமனையில் வெட்டிக்கொண்டு வந்தவர்களை அவன் அறிவான்.

அப்போதுதான் அலமாரியின் கீழ்த்தட்டில் அவற்றைக் கண்டான்.

பழுப்புத் தோல், உள்ளே ஆட்டு ரோமம், வலக்கால் முனையில் அடுப்புத் தணல் பட்ட தழும்பு. அவனுடைய பூட்ஸ். ஐயமே இல்லை. அவை அங்கே வந்து சேர்ந்தது எப்படி என்று அவன் பெரிதாக வியக்கவில்லை. அந்த ஊரில் வீட்டில் வேண்டாமல் கிடக்கும் பொருள் எதுவாயினும் கடைசியில் இந்த அறைக்குத்தான் வரும். அவனுக்கு முன்னால் நின்றவர் ஒருவரே. அவர் வேறெதையாவது எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டால் போதும். வாய் திறக்காமல் தன் பூட்ஸைத் தானே தருமமாகப் பெற்றுக்கொண்டு போய்விடலாம் என்று எண்ணினான்.

நரித்தோல் குல்லாய் அணிந்திருந்த அந்தப் பருத்த மனிதர் நேரே கீழ்த்தட்டுக்குத்தான் போனார். முக்காலியில் அமர்ந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு, தரையில் இரண்டு மிதி மிதித்துப் பார்த்தார்.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு, எர்னாக்கா."

எகோரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, அதைக் கழட்டிடுங்க. அது என்னுது."

"சாமி வீட்டுப் பொருள் தம்பி. உன்னுது, என்னுது, எல்லாருதும்தான். ஆனா முறை இப்போ என்னுது."

வரிசை சிரித்தது. பின்னால் நின்ற ஒருத்தி, "அப்படின்னா அந்தக் கம்பளிக் கோட்டு எங்க பாட்டனுது. இவனுக்குக் குடுத்தா எனக்கும் குடுத்துடணும்" என்றாள்.

எகோர் விடவில்லை. பொதுக் குளியலறையில் கழற்றி வைத்துவிட்டு நீராவியில் உட்கார்ந்திருந்தபோது எவனோ எடுத்துப் போய்விட்டான் என்றும், அன்றிலிருந்து இந்தச் செருப்போடுதான் பனியில் திரிவதாகவும் சொன்னான்.

அறைக்குப் பொறுப்பாளியான எர்னா, அகன்ற தோள்களுடைய, அதிகம் பேசாத பெண்மணி. தானமாக வந்த பொருளைத் திருட்டுப் பொருள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை என்றாள். அப்படி இருக்குமானால் அதை வைத்துக்கொள்ளும் உரிமை ஜெபவீட்டுக்கு இல்லை என்றும் ஒப்புக்கொண்டாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"தழும்பைச் சொல்லாதே தம்பி. அது எங்க எல்லார் கண்ணுக்கும் தெரியுது. தெரியாததைச் சொல்லு."

"இடது பூட்ஸ்ல உள்தோலைத் தூக்கிப் பாருங்கக்கா. ஆணி குத்துச்சுன்னு அடியில சிவப்புக் கம்பளி வெச்சிருக்கேன். என் தங்கச்சியோட பழைய கையுறை. கட்டைவிரல் மட்டும் வெட்டி வெச்சது."

பருத்தவர் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். எர்னா உள்ளே கைவிட்டுத் துழாவினாள். அவள் விரல்களோடு வெளியே வந்தது சிவப்புக் கம்பளியாலான ஒரு கட்டைவிரல்.

பாட்டன் கோட்டைக் கேட்டவள் வேறு பக்கம் பார்த்தாள். பருத்தவர் எழுந்து தம் முக்காலியையே எகோரின் பக்கம் நகர்த்தி, "கோவிச்சுக்காதே தம்பி. உன்னுதுதான். சந்தேகமே இல்லை" என்றார்.

எர்னா ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் கொண்டுவந்து தந்தாள். பூட்ஸ் அவனுடையதே ஆகையால், அவனுக்குரிய தருமம் இன்னும் பாக்கி இருக்கிறதாம். சூப்பையும் முன்னால் வைத்தாள். பாதி குடிப்பதற்குள் சிறுவிரல்களில் ஊசி குத்தினாற்போல் வலி எடுத்தது. அந்த வலிக்காக எகோர் கடவுளுக்கு நன்றி சொன்னான். அவன் கேளாமலே இரண்டாம் கிண்ணத்தையும் எர்னா நிரப்பினாள்.

கிண்ணம் காலியாகும்வரை எதிரே பொறுமையாக அமர்ந்திருந்த பருத்த மனிதர், கோட்டின் உட்பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த வட்டாரத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த காவல்துறை அதிகாரி கைர்பெக் என்ற பெயரும், அதன் பக்கத்தில் அவருடைய படமும் அதில் இருந்தன.

"கிளம்பலாமா? கரண்டியை வெச்சிட்டு வா தம்பி, அது ஜெபவீட்டோடது. பல் டாக்டர் வீட்டு வெள்ளிக் கரண்டியெல்லாம் எங்கேன்னு போற வழியில பேசிக்கலாம்."

எகோர் எர்னாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெறுங்காலோட கூட்டிட்டுப் போகக்கூடாது, வெறும் வயித்தோடவும் கூடாதுன்னு இவர் இந்தப் பூட்ஸை இங்கே கொண்டுவந்து வெச்ச அன்னைக்கே நான் சொல்லிட்டேன்."

திருட நுழைந்த வீட்டிலும் பழக்கதோஷத்தால் வாசற்படியிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், வீட்டார் விழித்துக்கொண்டதும் வெள்ளிக் கரண்டிகளோடு சன்னல் வழியே குதித்து வெறுங்காலுடன் ஓடிய எகோர், வாழ்க்கையில் அன்றுதான் முதன்முறையாகத் தன்னுடைய பொருளைத் தன்னுடையது என்று சொல்லியிருந்தான்.