முப்பத்தொன்றும் இருபத்தெட்டும்

அக்காவின் முகத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்த குடும்பப் போட்டோவை அதிகாரியின் மேசைமேல் வீசாத குறையாக வைத்தார் தலகாணி முதலாளி. "இது போதுமா மேடம், இன்னும் வேணுமா?"

அதிகாரி போட்டோவைப் பார்த்தார். அதிலிருந்த ஓட்டையையும் பார்த்தார். சுவர்க் கடிகாரம் நாலேகால் காட்டியது. ஐந்து மணிக்குள் அதிகாரி அம்மாள் கையெழுத்துப் போடாவிட்டால் ஒப்பந்தம் போட்டிக்காரருக்குப் போய்விடும்.

அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு தைக்கிற ஒப்பந்தம் அது. ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை பார்க்கிற சின்னக் கம்பெனிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. முதலாளியின் பட்டறையில் முப்பத்தொரு பேர். பிரச்சினையே இல்லை என்றுதான் இருந்தார், தோற்றுப்போன போட்டிக்காரர் ஆட்சேபம் எழுதிப்போடும் வரைக்கும்.

கூடப்பிறந்தவர்கள் நடத்தும் கம்பெனிகளை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்பது விதி. அக்காவின் சீருடைக் கம்பெனியில் இருபத்தெட்டுப் பேர். கூட்டினால் ஐம்பத்தொன்பது. உறவும் முறிந்துவிட்டது, கொடுக்கல் வாங்கலும் கிடையாது என்று நிரூபித்தால் மட்டும் தனித்தனியாக எண்ணுவார்கள்.

"வக்கீல் நோட்டீஸ் எத்தனை சார்?"

"அந்தம்மா அனுப்பினது நாலு. நான் அனுப்பினது ஏழு." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"அப்படி என்ன சண்டை?"

"எங்கப்பாவோட தையல் மெஷின் மேடம். எனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாரு. நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஆட்டோவில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

"ஒரு மெஷினுக்கா ஆறு வருஷம்?"

"மெஷின்தான் மேடம் பழசு. கோபம் இன்னும் புதுசாத்தான் இருக்கு."

அதிகாரி சிரிக்கவில்லை. "காலைல உங்க அக்கா கம்பெனிக்குப் போயிருந்தேன்."

முதலாளி நாற்காலி நுனிக்கு வந்தார். 'என் தம்பிதானே, நல்லவன்' என்று அந்தம்மா ஒரு வார்த்தை உளறியிருந்தால் போதும், முப்பத்தொரு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

"என்ன... என்ன சொன்னாங்க?"

"'எனக்குத் தம்பின்னு ஒருத்தன் பொறக்கவே இல்ல'ன்னாங்க."

அப்பாடா! நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எங்கேயோ ஓரத்தில் சுருக்கென்றும் ஒரு குத்து. அதை அவர் கண்டுகொள்ளவில்லை.

"சரி, உறவு இல்லைன்னு எழுதிக்கிறேன். கொடுக்கல் வாங்கல்?"

"அந்த வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல மேடம். இந்தாங்க, ஆறு வருஷமா யார் யாருக்குச் சரக்கு போயிருக்குன்னு பட்டியல். உங்க கண்ணாலயே பாருங்க."

அதிகாரியின் விரல் பட்டியலில் மெல்ல இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது. "மாசாமாசம் ஐநூறு தலையணை உறை. யாரு இது?"

"அது வெளியூர் ஏஜென்சி மேடம். மூணு வருஷத்துக்கு முன்னாடி, போதும்டா சாமின்னு பட்டறைப் பூட்டைக் கையில எடுத்துட்டேன். அன்னிக்குன்னு பார்த்து போன் வருது, ஐநூறு உறை வேணும்னு! இன்னிக்கு வரைக்கும் பத்துப் பேருக்குச் சோறு போடறது அந்த ஆர்டர்தான்."

"நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்ல மேடம். வண்டி வரும், ஏத்திட்டுப் போகும். பேரமே பேச மாட்டாங்க."

"சரக்குல குறை சொன்னதுண்டா?"

"மூச்! ஒரு தடவைகூடக் கிடையாது."

சொல்லும்போதே அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. போன மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாளில், புதிதாகச் சேர்ந்த டெய்லர்கள் ஐநூறு உறையையும் நாலு பக்கமும் தைத்து மூடிவிட்டார்கள். ஒன்றிலும் தலையணை நுழைய வழியில்லை. வண்டி போன பிறகுதான் விஷயமே தெரிந்தது.

ஒரு வாரம் போன் அடிக்கும்போதெல்லாம் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த மாதமும் அதே ஐநூறு. ராசியான பார்ட்டி என்று விட்டுவிட்டார்.

மணி நாலு ஐம்பது. அதிகாரி படிவத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். பேனா மூடியைத் திறந்தார். முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பேனா காகிதத்தைத் தொடவில்லை. மூடியை மறுபடி மாட்டிவிட்டுக் காலடியில் இருந்த பையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார் அதிகாரி. "இது உங்க பட்டறைத் தையல்தானே?"

மூலையில் நீல நூல் முடிச்சு. அவருடைய பட்டறை அடையாளமேதான். "ஆமா மேடம், நம்ம உறைதான்" என்று கையில் எடுத்து வாயைத் தேடினார். திருப்பினார். மறுபடி திருப்பினார். நாலு பக்கமும் தையல்.

"இது... உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

அதிகாரி ஃபைலை மூடினார். ஓட்டை விழுந்த போட்டோவை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார்.

"முதல் கட்டை நான்தான் சார் பிரிச்சேன். மிச்சமெல்லாம் பிரிக்காம அப்படியே கூரை முட்ட அடுக்கியிருக்கு, உங்க அக்கா குடோன்ல."