நாற்பத்தொரு வீடுகளில் இருந்த கடிதம்

பாய்லர் வெடித்து இறந்த தொழிலாளி இருதயராஜ் மேல்தான் தவறு என்றது ஆலை நிர்வாகம். அவர் அனுப்பியிருந்த எச்சரிக்கைக் கடிதத்தை அது தன் கணினியிலிருந்து அழித்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் எல்லாக் கணினிக் கோப்பின் நகலும் துண்டு துண்டாக, இணையத்தோடு இணைந்த ஊரார் வீட்டு ஃபிரிட்ஜ்களின் நினைவகத்தில்தான் சேமிக்கப்பட்டது. ஒரு துண்டு குறைந்தாலும் திறக்காது. தடயவியல் அதிகாரி மெர்லின் தூத்துக்குடியில் நாற்பது வீடு ஏறி இறங்கி நாற்பது துண்டுகளைச் சேர்த்தாள். நாற்பத்தோராவது வீட்டுக்காரர் அதே ஆலைத் தொழிலாளி.

"குடுத்தா என் வேலை போயிரும்மா," என்றார். பிறகு கதவை அகலத் திறந்து, "சரி, எடுத்துக்கோங்க," என்று வழிவிட்டார்.

நீதிமன்றத்தில் மெர்லின் வாசித்தாள்: "பாய்லரை உடனே நிறுத்துங்கள். பக்கத்தில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள்."

இருதயராஜின் மனைவி பனிமேரி எழுந்து நின்றாள். "இன்னொரு தடவை வாசிங்க மேடம். எல்லாருக்கும் கேக்கட்டும்."

மெர்லின் உரக்க வாசித்தாள். பதினெட்டு வருட சர்வீஸில் அவள் இத்தனை பெருமையாக எதையும் வாசித்ததில்லை.