பாதி வோல்டேஜ்

குறுவைப் பாசனத்துக்கு ஊரே மோட்டார் போட்டிருக்கும் அந்தி நேரம். வோல்டேஜ் இறங்கி, பாபநாசத்து அந்தச் சின்ன வீட்டில் ட்யூப்லைட் துடித்துக்கொண்டிருக்கிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்ற கால்களை நீட்டி, சுவரில் சாய்ந்து, சுடர்விழி கணக்குப் போடுகிறாள். டிப்ளமோவில் மிச்சமிருக்கும் ஒரே அரியர், நாளைக்குப் பரீட்சை. ஆயிரம் வாட் ஹீட்டர் பாதி வோல்டேஜில் எத்தனை வாட் தரும்? வோல்டேஜைக் கரண்டால் பெருக்கினால் ஐந்நூறு வருகிறது. புத்தகமோ இருநூற்றைம்பது என்கிறது. மறுபடி போட்டாலும் ஐந்நூறுதான். அவள் நாளைக்குப் போடவேண்டிய சுடிதாரைக் கணவன் இளவழகன் தேய்த்துக்கொண்டிருக்கிறான். "பெட்டியா இது? என் கை இதவிட சூடா இருக்கு." "அழுத்தித் தேய்ங்க மாமா." "வோல்டேஜ் பாதின்னா பாதி சூடாச்சும் வரணும்ல? அதுவும் இல்லடி." அவள் பேனா நிற்கிறது. வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் கூடவே இறங்குமே. பழைய கரண்டையே வைத்துப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். மாறாமல் இருப்பது கம்பியின் மின்தடைதான். வோல்டேஜின் வர்க்கத்தை அதனால் வகுக்கிறாள். இருநூற்றைம்பது. "கால்வாசிதான் வரும் மாமா." "அப்ப பாஸா?" "அடுத்த கணக்கப் படிங்க. கண்ண மூடிக்கிட்டே சொல்றேன்." அவன் மங்கலில் கண்ணை இடுக்கிக்கொண்டு வாசிக்கிறான்: வோல்டேஜ் இவ்வளவு, ஓடும் கரண்ட் இவ்வளவு. "ஓடுற கரண்டையே குடுத்துட்டாங்க, இதுக்கு ரெண்டையும் பெருக்குனா போதும்," என்கிறாள், கண்ணைத் திறக்காமலே.