அம்மா பேரில் சீட்டு

"எங்கம்மா சீட்டக் காட்டுங்க. நான் முழுசாப் படிக்கணும்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா பஸ்ஸிலேயே ரெண்டு தடவை சொல்லியிருந்தாள். டாக்டரம்மா கோவிச்சுக்கும், மாத்திரைய நிப்பாட்டிப்புடும், வீட்டு ஆள் வரணும்னாங்க, நீ சும்மா உக்காந்துட்டு வந்தாப் போதும் என்று.

அம்மாவைப் பிரஷர் பார்க்க அடுத்த அறைக்குக் கூப்பிட்ட நேரம் பார்த்து முத்துமீனா கேட்டேவிட்டாள்.

டாக்டர் டயானா பேனாவை மூடி வைத்தார்.

சோழவந்தான் பக்கத்து அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் வாசலில் ஒரு போர்டு. சுகர், பிரஷர் பார்க்கிற இடத்திலேயே மனசையும் பார்க்கிறோமாம். முத்துமீனாவுக்கு அந்தப் போர்டு மேலேயே சந்தேகம். மாசத்துக்கு இத்தனை பேர் என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். அகப்பட்டது யார்? அம்மா மாதிரி கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற பொம்பளைகள்.

போன வாரம் அரிசிப் பானைக்குள் கைவிட்டபோது மாத்திரை அட்டை ஒன்று தட்டுப்பட்டது. பிரஷர் மாத்திரை என்றாள் அம்மா. பிரஷர் மாத்திரையை எவளாவது அரிசிக்குள் புதைப்பாளா?

அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் முத்துமீனா. அட்டையில் இருந்த பேரைப் போனில் போட்டுப் பார்த்தாள். மனச்சோர்வுக்கு என்று வந்தது.

யாருக்கு மனச்சோர்வு? எட்டு மணிக்குத் தலையைச் சாய்த்தால் இடியே விழுந்தாலும் புரண்டு படுக்காத பொம்பளைக்கா?

எல்லாம் அப்பா வேலை. அவர் தை பிறந்ததும் மகளை எவன் தலையிலாவது கட்டிவிடத் துடிக்கிறார். தவறின பரீட்சையை இன்னொரு தடவை எழுதட்டும் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே ஆள் அம்மா. அதற்குப் பிறகுதான் அம்மாவின் இந்த ஆஸ்பத்திரி நடை. பைத்தியம் என்று ஒரு சீட்டு வாங்கிவிட்டால் போதுமே, அப்புறம் அவள் பேச்சை யார் காதில் வாங்கப் போகிறார்கள்?

"எங்கப்பா இங்க எத்தன தடவ வந்தாரு?"

"ஒரு தடவகூட வரல. வீட்டுல ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்கன்னு நானும் மூணு மாசமாச் சொல்றேன். இன்னிக்கு நீங்க வந்திருக்கீங்க."

புளுகு என்று நினைத்தாள்.

டாக்டர் ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். என் விவரங்களை என் மகளிடம் சொல்லலாம் என்று எழுதியிருந்தது. அடியில் கோணல்மாணலாக, தங்கப்பொண்ணு. ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கக் கூச்சப்பட்ட அம்மாவுக்கு முத்துமீனாவே பழக்கிவிட்ட கையெழுத்து. அந்த ஒரு சொல்லை எழுதத் தெரியும். மேலே உள்ளதைப் படிக்கத் தெரியாது.

"வாசிச்சுக் காட்டித்தான் வாங்கினேன்" என்றார் டாக்டர்.

வாசித்துக் காட்டினால் அம்மா எதற்கும் தலையாட்டுவாள்.

டாக்டர் சீட்டைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். ராத்திரி தூக்கமே இல்லை. தெருவில் நாலு பேர் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. வீட்டு ஆட்கள் மேலேயே நம்பிக்கை இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவது.

"நிறுத்துங்க. எங்கம்மா ஒரு பருக்கையக் கீழ போடாது. உங்க இஷ்டத்துக்கு எழுதி வச்சிருக்கீங்க."

டாக்டர் கோபப்படவில்லை. குரலை மட்டும் தணித்தார்.

"சித்திரையில ஒரு மத்தியானம், ஊருக்கு வெளிய இருக்கிற தண்ணித்தொட்டி ஏணியில பாதி ஏறிட்டு எறங்கியிருக்காங்க. அதையும் நானா எழுதிக்கிட்டேன்? அதனாலதாம்மா வீட்டு ஆள் ஒருத்தர் வேணும்னு கேட்டேன்."

முத்துமீனா டாக்டர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள்.

பஸ் படி ஏறுவதற்கே ரெண்டு பேர் கைகொடுக்க வேண்டும் அம்மாவுக்கு. அப்படிப்பட்ட முட்டி.

அன்றைக்குத்தான் முத்துமீனாவின் பரீட்சை முடிவு வந்திருந்தது. ஏணிக் கம்பி அவள் உள்ளங்கையைச் சுட்டது. சுற்றி ஈ காக்கை இல்லை. நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தாள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் இருந்தாள்.

"ஏன் எறங்குனீங்கன்னு கேட்டேன். எனக்குத் தெரியலையேன்னு ஒரே அழுகை." டாக்டர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "இப்பத் தேவலையாம். ஒரு மாசமா தூக்கம் வருது, சோறும் எறங்குதுன்னாங்க. மாத்திரையத்தான் முழுங்க முடியல போல. பொடிச்சு எதுலயாச்சும் கலக்கிக்கலாமான்னு கேட்டாங்க. சரின்னேன்."

முத்துமீனா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"எங்க போறீங்க? இன்னும் பேசி முடிக்கலையே."

"வாரேன்."

வெளியே அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சீட்டக் கேட்டியாடி?"

"நாளையிலருந்து என் காப்பிய நானே போட்டுக்கிறேன்."

அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு, மகள் போகிற திசை தெரிந்ததும், குரலை அடக்கிக்கொண்டு கெஞ்சினாள்.

"ஏய், அங்கன போகாதடி. நம்மூரு ஆளுக நிக்கிறாங்க."

முத்துமீனா திரும்பிப் பார்க்கவில்லை. பையிலிருந்து தன்னுடைய ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு, சீட்டுப் போடுகிற ஜன்னலைப் பார்த்து நடந்தாள்.